மதினியின் சும்மாடு

சமையலறைப் பரணில், அரிசிப் பானைக்கு மேலே, ஈரம் எட்டாத இடத்தில் ஒரு சும்மாடு வைத்திருக்கிறேன். நீலச் சேலையைக் கிழித்துச் சுற்றியது. என் அண்ணன் பொண்டாட்டி, என் மதினி, அதைத் தலையில் வைத்துத்தான் கரைக்கு மண் சுமந்தாள். அதற்கு முன்னால் அந்தச் சேலை அவள் பிள்ளைக்குத் தொட்டில்.

எனக்குக் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் படிப்பு. ஆனால் தூத்துக்குடி குடிக்கிற தண்ணீரைத் தடுத்து நிறுத்தியிருக்கிற மண்கரையில் நான் சுமந்த மண்ணும் கிடக்கிறது. அதை யாரிடமும் நிமிர்ந்து நின்று சொல்லுவேன். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. குளம் ஒன்று உண்டாக்க எங்கள் ஊர் ஓடைக்குக் குறுக்கே கரை எழும்பியது. உள்ளே ஆண்கள் வெட்டுவார்கள், நாங்கள் சுமந்து மேலே கொட்டுவோம். வெட்டின ஆழத்தை அளப்பதற்காக அங்கங்கே கொஞ்சம் மண்ணைத் தொடாமல் திட்டாக விடுவார்கள். அதற்குப் பெயர் சாட்சி. அளந்து முடிந்ததும் அதையும் வெட்டிவிடுவார்கள்.

வெட்டு ஓடையோரத்துக்கு வந்த அன்று மதினி கூடையைப் போட்டுவிட்டு மேஸ்திரி முன்னால் போய் நின்றாள். "அண்ணாச்சி, இந்த எடத்துல மட்டும் மம்பட்டி போடாதிய. எம்புள்ள கெடக்கு." காய்ச்சலில் போன பெண்குழந்தை. ஒரு வயது நிறையவில்லை. அங்கேதான் புதைத்திருந்தோம்.

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்தார். "முன்னாலேயே சொல்லப்பிடாதாளா? சரி, இங்கன ஒரு சாட்சிய விடுதேன்."

அளந்து முடிந்து மற்றத் திட்டெல்லாம் போன பிறகும் அது மட்டும் நின்றது. "மேஸ்திரிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு, ஒண்ண மறந்துட்டாரு" என்று ஒருத்தன் சிரித்தான். "ஒமக்கு என்ன வே, நீரா சுமக்கப் போறீரு?" என்றாள் மதினி. 

முதல் மழையில் தண்ணீர் அதை மூடியது. அடுத்த கோடையில் வற்றியபோது திட்டு தலை காட்டியது. மதினி சேற்றில் இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு, பட்டணத்துக்குக் குடிதண்ணீர் என்று ஆற்றைத் திருப்பி எப்போதும் நிறைத்தே வைத்தார்கள். நானும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவருக்கு வாக்கப்பட்டுத் தூத்துக்குடி வந்துவிட்டேன். உப்புக் கிணறு மட்டுமே இருந்த எங்கள் தெருவுக்கு அந்தத் தண்ணீர் குழாயில் வந்தபோது குலவை போட்டார்கள். நானும் போட்டேன். அங்கே மதினி, எப்போது வற்றும் என்று கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் மழை பொய்த்த ஒரு வருஷம் குழாய் காற்றுத்தான் விட்டது. குழாயடியில் குடுமிப்பிடிச் சண்டை. அந்த நேரத்தில் மதினி பஸ் ஏறி வந்தாள், அப்படி ஒரு முகத்தோடு. "வத்திட்டு வருதுளா! அவ தெரிஞ்சிருவா." என் இடுப்பில் காலிக் குடம். அதைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

நானும் கூடப் போனேன். மதகுக்கு நேரே, எங்களுக்குத் தெரியாத இடமா? ஆனால் திட்டு இல்லை. இத்தனை வருஷத் தண்ணீர் கரைத்துச் சமமாக்கியிருந்தது. எங்கும் ஒரே வண்டல், ஒரே வெடிப்பு. "இங்கனதான்... இல்ல, அங்கனயோ" என்று, வீட்டு வாசலைத் தொலைத்தவள் மாதிரி அலைந்தாள். கடைசியில் ஓரிடத்தில் உட்கார்ந்தாள். அது எந்த இடம் என்று அவளுக்கும் தெரியாது.

என்னோடு வீட்டுக்கு வந்தாள். பானையில் மிச்சமிருந்த குழாய்த் தண்ணீரைக் கொடுத்தேன். தம்ளரை ரெண்டு கையாலும் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தாள். "நல்லாத்தான் இருக்குளா" என்றாள். பைக்குள்ளிருந்து இந்தச் சும்மாட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். "இதையாவது நனையாம வச்சுக்கோ."

மதினி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இப்போது வீட்டுக்குள்ளேயே குழாய். தலையில் சுமக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் கூரை ஒழுகினால், மற்ற சாமான்களைப் பிறகுதான் பார்ப்பேன். முதலில் பரணைத் தடவுவேன்.