முந்நூறு டிகிரி

அந்தச் சோதனைக்கூடத்தில் அவளைச் 'சூட்டக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். காற்றில் கலந்த ரசாயன ஆவியைப் பிடித்து வைக்கும் சிறு உலோகக் குழாய்களைச் சூடேற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் இயந்திரம் அவள் பொறுப்பு. எந்தக் குழாய்க்கு எவ்வளவு சூடு என்று தீர்மானிப்பதே வேலையில் பாதி. குறைத்து வைத்தால் கனமான ஆவி குழாயை விட்டு வராது. கூட்டி வைத்தால் சில ஆவிகள் சிதைந்து வேறொன்றாகிவிடும்.

அவள் தம்பி தோல்பைகளுக்குப் பசை தடவும் பட்டறையில் இருந்தான். போன வருஷம் அவன் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. பிறகு பாதங்கள். எதைச் சுவாசித்தான் என்று தெரிந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம் என்றார் டாக்டர். பசை டின்னில் பெயர் இல்லை. முதலாளி வாயைத் திறக்கவில்லை.

பட்டறைக் காற்றைப் பிடித்துவர அக்கா கொடுத்த குழாயைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு தம்பி வேலைக்குப் போனான். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். பாதியிலேயே வெளியே அனுப்பிவிட்டு, மறுநாளே பசையை மாற்றிப் பட்டறையைக் கழுவிவிட்டார்கள். மிஞ்சியது அந்த ஒரே குழாய்.

கடையில் கிடைத்த பசைகளை வைத்து முதலில் ஒத்திகை பார்த்தாள். இருநூற்றிருபது டிகிரியில் பாதி உள்ளேயே தங்கியது. முந்நூற்றில் சுத்தமாக வெளியே வந்தது.

"முதல்ல கம்மியா வை. வரலேன்னா அப்புறம் ஏத்திக்கலாமே" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"இருக்கறதே துளி, சார். ரெண்டு தடவையா பிரிஞ்சு வந்தா ரெண்டுலயும் தெரியாம போயிடும்."

"அப்ப நீயே முடிவு பண்ணிக்கோம்மா" என்று நழுவிக்கொண்டார்.

முந்நூறு வைத்தாள். திரையில் ஓங்கி எழவேண்டிய கோடு எழவில்லை. குட்டிக் குட்டியாய் ஏதேதோ தலைநீட்டின. உள்ளே இருந்தது சூடு தாங்காமல் உடைந்துவிட்டது. அந்தத் துண்டுகள் நாலைந்து ரசாயனங்களில் எதிலிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். மறுபடி சூடேற்றக் குழாயில் எதுவும் மிச்சமில்லை.

வீட்டில் தம்பி இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"பேரு கிடைச்சுதாக்கா?"

"இல்லடா. சூடு அதிகமாயிடுச்சு. உடைஞ்சு போச்சு."

"கம்மியா வெச்சிருந்தா?"

"வராமலே போயிருக்கும். இல்ல, வந்திருக்கும். எனக்குத் தெரியலடா."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"பேரைத் தெரிஞ்சுக்கிட்டுத் திட்டலாம்னு பார்த்தேன். பரவால்ல, இனிமே பொதுவா திட்டிக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

பட்டறைமேல் புகார் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லை. அவன் இடத்தில் வேறொருவனை உட்கார வைத்தாயிற்று. டாக்டர் சத்து மாத்திரை எழுதித் தருகிறார். மரமரப்பு முழங்கால்வரை ஏறிவிட்டது. தெருவில் நடக்கும்போது செருப்பு கழன்றது தெரியாமல் தம்பி போய்க்கொண்டே இருக்கிறான். அவள் குனிந்து எடுத்துக்கொண்டு, கூப்பிடாமல், பின்னாலேயே நடக்கிறாள்.