கிளி ஊடு

ராமுலு பெரியப்பா நூற்பாலையில் முப்பத்தாறு ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவர். பீளமேட்டில் அவருடைய தந்தை 1956இல் கட்டிய வீட்டின் முகப்பில், ஆண்டு எண்ணின் இருபுறமும் சுண்ணாம்புச் சாந்தில் செய்த இரண்டு பச்சைக் கிளிகள் இருந்தன. கல்யாணப் பத்திரிகைகளில்கூட எங்கள் குடும்பத்தார் கதவிலக்கம் அச்சிட்டதில்லை. என்னிடமுள்ள ஒன்பது பத்திரிகைகளிலும் 'கிளி வீடு, பீளமேடு' என்றே இருக்கிறது.

சென்ற ஆண்டு அவர் மகன் நவநீத் முகப்பை இடித்தான். ஒப்பந்தக்காரர் வரைந்து தந்த புது 'எலிவேஷன்' வழவழப்பான சாம்பல் சுவர், கறுப்புக் கம்பி, கண்ணாடி. அந்த வீதியில் ஏற்கெனவே ஆறு வீடுகள் அப்படித்தான் இருந்தன.

"கிளி உன்னய என்னடா பண்ணுச்சு? கத்தித் தூக்கத்தக் கெடுத்துச்சா?" என்று கேட்டார் பெரியப்பா.

"தூசி அடையுதுங்க நைனா."

அவருக்கு அப்போதே மறதி தொடங்கியிருந்தது. பெயர்கள் நழுவின, வழி நழுவவில்லை என்று நம்பினோம். அவர் எதைப் பார்த்து வீடு திரும்பினார் என்பதை யாரும் எண்ணவில்லை.

வேலை முடியும்வரை பெரியப்பாவும் பெரியம்மா கோமளாவும் என் வீட்டில் தங்கினார்கள். புது முகப்புக்குத் திரும்பிய மூன்றாம் நாள், நான்கு மணிக்குச் சவரத்துக்குப் போனவர் ஆறாகியும் வரவில்லை. சலூன்காரர் நாலரைக்கே அனுப்பிவிட்டிருந்தார்.

"அவினாசி ரோட்டுக்குப் போயிட்டாரா?" பெரியம்மா இதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நவநீத் வாசல் கேமராவின் பதிவைக் கைபேசியில் ஓட்டினான்.

4.41க்குப் பெரியப்பா தன் வீட்டு கேட்டருகே நின்றார். அண்ணாந்து பார்த்தார். நடந்துவிட்டார். 4.53க்கு எதிர்த்திசையில் வந்தார்; மீண்டும் அண்ணாந்து பார்த்தார். இப்படி ஐந்து முறை. கடைசி முறை, கூட்டத்தில் கைவிடப்பட்ட குழந்தையின் முகம். பிறகு வெறும் வீதி. அந்த நேரமெல்லாம் பெரியம்மா உள்ளே காப்பி கலந்துவைத்துக் காத்திருந்தார்.

ஏழரைக்குப் பின்தெருவில் கண்டோம். சுதை அன்னம் வைத்த ஒரு பழைய வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவ்வீட்டு சஃபியா நாற்காலியும் தண்ணீரும் கொடுத்திருந்தார்.

"அவரு ஊட்டுக் கிளிய யாரோ அன்னமா மாத்திப்போட்டாங்கன்னு அழுகறாருங்க," என்றார்.

இப்போது பெரியம்மா கேட்டைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொள்கிறார். தினமும் நான்கு மணிக்குப் பெரியப்பா கம்பிக்குப் பின்னே நின்று, போவோரை அழைக்கிறார்.

"ஏனுங்க, கிளி ஊடு எந்தப் பக்கமுங்க?"

தெரிந்தவர்கள் அவர் முதுகுக்குப் பின்னே கை காட்டுகிறார்கள். திரும்பி அண்ணாந்து பார்க்கிறார்.

"வெளையாடாதீங்க. பொழுதுக்குள்ள போகோணுமுங்க. கோமளா பயந்துக்குவா."