வெடிப்பலா மரத்துக் குடித்தனம்

கீழே கிடக்கும் கொட்டையை எடுத்து முதலில் முகர்வார். பிறகு பல் பதிந்த இடத்தை நகத்தால் வருடுவார். அதற்கப்புறம்தான் கொச்சுராணி சேச்சி வாயைத் திறப்பார். "இது அணில். அவசரக்காரன், பாதியில போட்டுட்டு ஓடுவான்." அடுத்த கொட்டை. "இது காட்டெலி. கஞ்சப்பய, மிச்சத்தை எங்கியோ ஒளிச்சிருப்பான்." காட்டில் கொறிக்கிற ஒவ்வொன்றும் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

இடுக்கி மலைக்காட்டில் தற்காலிக வனக்காவலர். வயது நாற்பத்திரண்டு. அட்டை கடிக்காமலிருக்க மூக்குப்பொடி தடவிய காலுறை. அதனால் அவர் நடந்தால் பின்னால் வருகிறவன் தும்முவான். பெரும்பாலும் அது அவரோடு ரோந்து போகும் நான்தான். முள்ளெலியைப் பற்றி, தரையில் சுருண்டுகொள்கிறதைச் சொல்லவில்லை, மரப்பொந்தில் வாழும் மலைக்காட்டு எலியைப் பற்றிப் பேசும்போது மட்டும், பக்கத்தில் பிள்ளை தூங்குவதுபோல அவர் குரல் இறங்கிவிடும். அந்தக் குரலில் நான் வன நிலையத்தில் பேசிக் காட்டுவேன். அவரே சிரித்துவிட்டுத் திருத்துவார்: "எடா, நான் என்ன மூக்காலயா பேசறேன்? இன்னும் கொஞ்சம் கீழ இறக்கு!"

போன செவ்வாய்க்கிழமை மின்கம்பி இழுக்கிறவர்கள் ரம்பத்தோடு வந்தார்கள். பழைய வெடிப்பலா மரம் அவர்கள் வழியில் நின்றது.

"பட்ட மரம்தானே சேச்சி?" என்றார் ஓவர்சியர் சனில்.

"உச்சியில இலை தெரியலையா சாரே? பொந்துல முள்ளெலி குடும்பமா தூங்குது."

"எலிக்கா இந்தப் பாடு? எங்க வீட்டு மச்சுல நாலு இருக்கு, கொண்டுவந்து தரவா?"

ஆட்கள் சிரித்தார்கள். சேச்சி சிரிக்கவில்லை. "உங்க வீட்டு எலி தரையில ஓடிப் பொழைச்சுக்கும். இவன் கிளைக்குக் கிளை தாவறவன். இந்த மரம் போனா அவனுக்கு ஊரே போச்சு."

"முள்ளெலிதான்னு காட்டுங்க, கம்பியைத் திருப்பறேன். இல்லேன்னா ரம்பம்தான்."

நான் ஏணியைப் பிடித்தேன். சேச்சி ஏறினார். பொந்துக்குள் கை விடவில்லை. வாசலை அடைத்திருந்த சருகுக் கொத்தை மட்டும் பூப்போல எடுத்துக்கொண்டு இறங்கினார். அதைக் கிளறி எதையோ ஓவர்சியர் உள்ளங்கையில் வைத்தார்.

"நுனியைத் தொடுங்க."

"ஆ! குத்துது!"

"தட்டையா, நடுவுல பள்ளமா இருக்கா? அது முதுகு முள்ளு. கூட இருக்கிற வெள்ளை முடி வால் நுனியோடது, வாலே பாட்டில் கழுவற பிரஷ் மாதிரி இருக்கும். உங்க மச்சுல இப்படி ஒருத்தன் இருந்தா சொல்லுங்க, நானே வந்து பாக்கறேன்."

சனில் முள்ளை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைப்பேசியை எடுத்தார். "கம்பியை அந்தப் பக்கமா விடணும் சார்... எலி இல்ல சார், முள்ளெலி! நானே பாத்தேன்!" முள்ளைத் தவிர அவர் எதையும் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் அவர்தான் கண்டுபிடித்தார் என்று தோன்றும். மறுநாளே அதைப் பேசிக் காட்டப் பழகிவிட்டேன்.

ரம்பம் வண்டி ஏறியது. சேச்சி சருகுக் கொத்தோடு மறுபடி ஏணியில் ஏறினார். பாதி வழியில் ஒரு சருகு நழுவி விழ, சனில் ஓடிப்போய்ப் பொறுக்கி எம்பிக் கொடுத்தார். சேச்சி அதை ஊதித் தூசு போக்கி, கொத்தோடு சேர்த்துப் பொந்தின் வாசலில் சத்தமில்லாமல் சாத்தினார்.