மேல்சட்டைக்குள் ஒரு முயல்

ஐம்பதுகளின் கடைசியில் நான் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். சோதனைக்கு வேண்டிய முயல்களையும், கினி பிக் என்னும் சின்னப் பிராணிகளையும் கவனித்துக்கொள்வது என் பொறுப்பு. கூண்டு கழுவுவேன், புல் போடுவேன், எண் எழுதிய அட்டைகளைச் சரிபார்ப்பேன். நாங்கள் குடியிருந்த தேக்கா வட்டாரத்திலிருந்து காலையில் நடந்தே போய்விடலாம்.

அப்போதுதான் என் மகளுக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. ஐந்து வயது. காய்ச்சல் விட்டபின் தொற்று வார்டிலிருந்து நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கே மாற்றினார்கள். இடது கை துணிபோலக் கிடந்தது. பெற்றோர் வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம் பார்க்கலாம். மற்ற நாள்களில் அவள் அங்கே படுத்திருக்க, நான் இரண்டு கட்டடம் தள்ளி முயலுக்குப் புல் போட்டுக்கொண்டிருப்பேன். ஒரு வேலையிலும் மனம் நிற்காது. பூட்டிய கூண்டைத் திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பேன். நிரம்பிய கிண்ணத்தில் மறுபடி தண்ணீர் ஊற்றி வழியவிடுவேன்.

கைகால் பயிற்சி கொடுக்க ஒரு சீனப் பெண்மணி வருவார். அவர் இடது கையைத் தொட்டாலே மகள் அலறிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாளாம். “இப்படியே விட்டால் இடது கை ஒன்று இருப்பதையே மறந்துவிடுவாள்” என்று என்னிடம் மலாய் மொழியில் சொன்னார். பார்வை நாளில் என் மனைவி அழுதாள். “நம்மளப் பாத்தாகூட திரும்ப மாட்டேங்குதுங்க. ஏதாச்சும் பண்ணுங்க.”

நான் செய்தது இதுதான். காதிலிருந்து ரத்தம் எடுப்பதற்கென்று மட்டும் வளர்த்த ஒரு வெள்ளை முயல் இருந்தது. யார் தூக்கினாலும் சாதுவாக இருக்கும். பிள்ளைகள் தூங்கும் மதிய வேளையில் அதைக் காக்கி மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தேன். வழியெல்லாம் வயிற்றைப் பிறாண்டியது. மகளின் இடது பக்கத்தில் இறக்கிவிட்டேன்.

கண்ணைத் திறந்தாள். “இது யாருப்பா?”

“அப்பாகூட வேலை பாக்குது.”

முயல் அவளுடைய இடது உள்ளங்கையில் மூக்கை வைத்து முகர்ந்து, நக்கியது. “நக்குதுப்பா” என்றாள். இரண்டு விரல்கள் மெல்ல மடங்கி அதன் முடியைப் பிடித்தன. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்குள் வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டது. முயலை அள்ளிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். பின்னால் அவள் அழுவது கேட்டது.

மறுநாள் பக்கத்துக் கட்டில் குழந்தைக்குக் கடும் காய்ச்சல் என்று தெரிந்தது. நான் முயல்களைப் பார்த்துக்கொண்ட அறையிலேயே வேறு கூண்டுகளில் காசநோய்ச் சோதனைக்கு ஊசி போட்ட பிராணிகள் இருந்தன. அவற்றைத் தொட்டதும் இதே கைதானே? தோல் உரியும்வரை கை கழுவினேன். சாயங்காலம் சிராங்கூன் ரோட்டில் என் வீட்டையே தாண்டி நடந்துபோய்த் திரும்பினேன். சோற்றில் கை வைத்தால் இறங்கவில்லை. அந்தக் குழந்தையின் தாய் எப்படி இருப்பாளோ என்றே நினைப்பு ஓடியது.

மூன்றாம் நாள் தாங்கமுடியாமல் வார்டு வாசலில் போய் நின்றேன். அங்கிருந்த நர்ஸ் தமிழ்ப் பெண். நர்ஸுகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

“மிஸ்ஸி, நான்தான் முயலைத் தூக்கிட்டு வந்தேன். அந்தப் புள்ளைக்கு என்னாலதான்...”

“முயல் வந்தது எனக்குத் தெரியும்ணே. போர்வையெல்லாம் வெள்ளை முடி. அந்தப் புள்ளைக்குத் தொண்டையில புண்ணு, அதான் காய்ச்சல். இப்ப இறங்கிடுச்சு.”

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“ஆனா நீங்க செஞ்சது தப்புலா. மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்காம இருக்க முடியாது” என்றாள்.

எழுதிக் கொடுத்தாள். ஆய்வுக்கூடத்து டாக்டர் என்னை நிற்கவைத்துத் திட்டினார். முயல்களைவிட்டுப் பாட்டில் கழுவும் இடத்துக்கு மாற்றினார். நியாயம்தான்.

ஆனால் டாக்டரிடம் நான் சொன்ன, மகளின் விரல் மடங்கிய செய்தி பயிற்சிப் பெண்மணியின் காதுக்கும் போயிருந்தது. அவர் டாக்டர்களோடு பேசி அனுமதி வாங்கினார். சோதனை முயல் கூடாது, வெளியில் வாங்கிய முயல், சுத்தம் செய்து வராந்தாவில் மட்டும் வைக்கவேண்டும் என்று ஏற்பாடானது. தேக்கா சந்தையில் நானே ஒரு குட்டி முயலை வாங்கிக் கொடுத்தேன். தினமும் குழந்தைகளின் மடியில் அதை விட்டு, பலவீனமான கையால் தடவிக்கொடுக்கச் சொல்வாராம். என்னை அந்தப் பக்கம் விடவில்லை. பாட்டில் கழுவியபடி, இன்றைக்கு மடக்கினாளா இல்லையா என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். சில நாள் மடக்கினாள். பல நாள் இல்லை.

மாதங்கள் கழித்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். கை தோள் உயரத்துக்குமேல் எழவில்லை, பிறகும் எழவேயில்லை. ஆனால் பிடிக்கும் பலம் வந்திருந்தது. திரிஷா என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் அம்மாவின் சேலை முந்தானையை இடது கையால் பிடித்துக்கொண்டு வந்தாள். விட்டுவிடுவாளோ என்று நான் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“கொஞ்சம் சும்மா உக்காந்து வாங்களேன்” என்றாள் மனைவி. என்னால் முடியவில்லை.