மண்டபத்து மாடியில் மூச்சு வாங்கியவர்கள்

நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பதைவிட, வாத்துக் கூட்டத்தை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுப்பது சுலபம். இரண்டாயிரம் பிறந்த புதிதில், விளையாட்டு டீச்சர் வேலையை விட்டுவிட்டு, காரைக்காலில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து, காலை வகுப்பு ஆரம்பித்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்று எழுந்திருக்கும் என் இனத்துச் சகோதரிகளே, இது உங்களுக்குத்தான்.

ஃபேன் யுத்தம்

திருமலைராயன்பட்டினத்திலிருந்து வருகிற நஜ்முன்னிசாவை நாங்கள் எல்லோரும் லாத்தா என்போம். அவர்கள் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாதவிலக்கு நிற்கிற வயசு. நின்ற இடத்தில் திடீரென்று உடம்பு கொதித்து, முகம் சிவந்து, ஓடிப்போய் ஃபேனை முழு வேகத்தில் வைப்பார். குரும்பகரம் சரோஜாவுக்குச் சளி உடம்பு. அவர் ஓடிப்போய் அணைப்பார். வகுப்பில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் ஒழுங்காக ஓடினார்கள்.

ஒருநாள் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினேன். ஹார்மோன் குறைவதால் வரும் கொதிப்பு இது. பயப்பட வேண்டாம். ஆனால் அந்த ஹார்மோன் இதுவரை நம் இதயத்துக்கும் காவல் இருந்தது, இனி நாம்தான் நடந்து, கைகால் வீசிக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். பெண்களுக்கு மாரடைப்பு வந்தால் சினிமாவில் வருவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் விழவேண்டும் என்பதில்லை. தாடை வலிக்கலாம், முதுகு வலிக்கலாம், மூச்சு இரைக்கலாம், குப்பென்று வியர்க்கலாம். வாயு என்று சோடா குடிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்றேன். தொண்டை வறண்டுபோய், "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றேன். லாத்தா கை தூக்கினார்.

"ஒரே ஒரு டவுட்டு டீச்சர். ஃபேன அஞ்சுல வைக்கிறதா, நாலுலயா?"

முகூர்த்த நாள்

கீழே கல்யாணம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நாங்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து கால் நீட்டிக் குனிந்துகொண்டிருந்தபோது, இலைக்கட்டோடு வந்த சமையல்காரர் எங்களைப் பெண் வீட்டார் என்று நினைத்துவிட்டார். நான் மறுத்துப் பேசி முடிப்பதற்குள் இலை விழுந்து, இட்லி விழுந்து, கேசரியும் விழுந்துவிட்டது. எழுந்திருங்கள் என்று கத்தினேன். அதற்குள் சரோஜா இலையில் தண்ணீர் தெளித்திருந்தார்.

"கேசரி ஆறிரும் டீச்சர், குனிஞ்சு நிமிர்றத நாளைக்கு வச்சுக்கலாங்க."

செல்லக்கிளிக்கு எதுக்கு?

வகுப்பு முடிகிற நேரத்துக்குத் திருவேட்டக்குடியிலிருந்து செல்லக்கிளியக்கா மீன் கூடையோடு மாடியேறுவார். எங்கள் ஆட்கள் பயிற்சிக்கு வந்தார்களா மீனுக்கு வந்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேலே வந்ததும் அக்கா சுவரில் சாய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே எங்களைப் பார்த்துச் சிரிப்பார். அந்த மூச்சுதான் எனக்குப் பயமாக இருந்தது. ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரையைத் தலைசுற்றுகிற அன்றைக்கு மட்டும் போடுகிறவர் அவர். "தினமும் போடுங்கக்கா, டாக்டர்ட்ட ஒருதரம் காட்டுங்க, அப்பறம் எங்களோட கொஞ்சம் கையக்காலத் தூக்குங்க" என்று கெஞ்சினேன்.

"மொதல்ல நீங்க இந்தக் கூடையத் தூக்குங்க டீச்சர், அப்பறம் நான் கையத் தூக்குறேன்."

தூக்கிப் பார்த்தேன். கூடை அசையவில்லை. என் இடுப்புதான் அசைந்தது.

பாதிப் படியில்

ஒருநாள் அக்காவைக் காணவில்லையே என்று லாத்தா எட்டிப் பார்த்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பாதிப் படியில் உட்கார்ந்திருந்தார் அக்கா. ரவிக்கை நனைந்திருந்தது. கை தாடையில். "ஒண்ணுமில்ல, வாயு. ஒரு சோடா வாங்கியாங்க" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் லாத்தா இரைந்தார். "தாடை வலிக்குதா? முதுகு? வேர்வையப் பாரு! சோடாவும் கிடையாது கீடாவும் கிடையாது, ஆஸ்பத்திரி!" என் பாடம் அப்படியே திரும்பி வந்தது. சரோஜா நடுரோட்டில் கை விரித்து நின்று ஆட்டோவை மறித்தார். ஆட்டோவில் ஃபேன் சண்டைக்காரிகள் இரண்டு பேரும் அக்காவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து முந்தானையால் விசிறினார்கள். நான் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டேன். இந்த மனுஷி போய்விடக் கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. ஆட்டோ திரும்பும்போது அக்கா தலையை வெளியே நீட்டினார்.

"கூடையப் பாத்துக்கங்க, வஞ்சிரத்தப் பூனை தூக்கிரப் போவுது!"

டாக்டர் சொன்னது

இதயத்தில் அடைப்பு, நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். வராண்டாவிலேயே அழுதுவிட்டேன். வகுப்பில் எவளும் காது கொடுப்பதில்லை என்று வீட்டில் எத்தனை நாள் புலம்பியிருப்பேன்!

சில மாதம் கழித்து, கூடையை மருமகளிடம் விட்டுவிட்டு, செல்லக்கிளியக்கா மெதுவாகப் படியேறி வந்தார். மாத்திரையைத் தினமும் போடுகிறாராம். நேரே வந்து ஃபேனுக்கு அடியில் லாத்தாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். லாத்தா தானே நகர்ந்து, ஃபேனை அஞ்சில் வைத்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"நடக்கணுமாம் டீச்சர்! இம்புட்டு வருசமா நான் என்ன பறந்துக்கிட்டா இருந்தேன்?"

இத்தனை காலம் வகுப்பு நடத்தியதில் எங்களில் ஒருத்தர் இடுப்பும் குறையவில்லை, ஒரு ஆளும் குறையவில்லை.