ஓடைக் கேட்டருகே நிற்பவன்

நியூசிலாந்தின் தென்கோடியில் அந்தப் பால் பண்ணையில் டெல்ஃபின் வேலைக்குச் சேர்ந்த அன்று, முதலாளி வாரன் அவனிடம் வீட்டுச் சாவியையும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸையும் கொடுத்தார். பூட்ஸின் உட்புறம் ‘ஹெர்மோ’ என்று மையால் எழுதியிருந்தது. அளவு கச்சிதம். அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஹெர்மோவும் பிலிப்பைன்ஸ்காரன்தான். டெல்ஃபினைப் போலவே இலோக்கோஸ் பக்கம் பிறந்து, சவூதிப் பண்ணைகளில் மாடு கறந்துவிட்டு இங்கே வந்தவன். வாரன் சிபாரிசு செய்து, பி.ஆர். எனப்படும் நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கு அவனுடைய விண்ணப்பம் போயிருந்தது. அது வருவதற்குள், ஓடைக்கரைச் சரிவில் நாலுசக்கர பைக் கவிழ்ந்து செத்துப்போனான்.

பக்கத்துப் பண்ணையில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர் போனிங்தான் இதைச் சொன்னார். வழக்கமாக எதையும் கிண்டலாகவே பேசும் மனுஷர், அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தூக்கிட்டுப் போனதெல்லாம் வெள்ளைக்காரங்க, தம்பி. அவங்களுக்கு என்ன தெரியும்? நாங்க வர்றதுக்குள்ள ஆம்புலன்ஸ் போயிருச்சு. யாருமே அவனைக் கூப்பிடல.”

அவர்கள் ஊரில் ஆற்றங்கரையோ ஆஸ்பத்திரியோ, எங்கிருந்து கிளம்பினாலும் தன் பெயரைத் தானே சொல்லி, ‘வா, தங்கிடாதே’ என்று கூப்பிட்டுக்கொண்டுதான் கிளம்புவார்கள். இல்லாவிட்டால் உடம்பு மட்டும் வீடு திரும்பும், உயிர் அங்கேயே நின்றுவிடும்.

சாயங்காலக் கறவைக்கு வரும் மாடுகள், ஹெர்மோ செத்த சரிவை ஒட்டிய ஓடைக் கேட்டைத் தாண்டும்போது ஒரு கணம் நின்று, ஆளில்லாத அந்தக் கேட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டே நடந்தன. நரி இருக்கும் என்று சொல்வதற்கும் அந்த நாட்டில் நரியே கிடையாது.

வேறு பண்ணைக்கு ஓடிவிடலாம்தான். ஆனால் இப்போது வாரன் இவனுக்கும் சிபாரிசு செய்திருந்தார். வேலையை விட்டால் விண்ணப்பமும் போச்சு. மனைவி நெனிதாவை அழைத்துக்கொள்ள அதை விட்டால் வேறு வழியில்லை. சரி, செத்தவனையாவது கூப்பிட்டு அனுப்பலாமென்றால், கூப்பிட்டவன் பின்னாலேயே அல்லவா வருவான்! டெல்ஃபின் குடியிருந்ததே ஹெர்மோ இருந்த வீட்டில். கூட்டிக்கொண்டு எங்கே போவது?

ஆகவே ஒப்பந்தம் பேசினான். கேட்டருகே ஒரு தட்டில் சோறும் அவித்த முட்டையும் ஒரு சிகரெட்டும் வைத்தான்.

“ஹெர்மோ அண்ணே, எனக்குப் பி.ஆர். வர்ற வரைக்கும் என்னை ஒண்ணும் பண்ணாதீங்க. வந்ததும் உங்களை நானே கூட்டிட்டுப் போறேன். சத்தியம்.”

அதன்பின் மழையானாலும் பனியானாலும் கறவை முடிந்ததும் அந்தக் கேட்டில் சாய்ந்து நின்று பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். நெனிதாவிடம் சொல்லமுடியாத பயங்களையெல்லாம் அங்கேதான் கொட்டினான். வாரன் ஒருநாள் முகம் சுளித்தாலும் அனுமதி கைவிட்டுப் போய்விடுமோ என்று செத்துச் செத்துப் பிழைத்த வருஷங்கள் அவை. வாரன் நல்லவர்தான், ஒரு சுடுசொல் சொன்னதில்லை. இருந்தும் அவர் வண்டிச் சத்தம் கேட்டால் டெல்ஃபினின் முதுகு தானாக நிமிரும்.

ஒருவழியாக அனுமதி வந்தது. வாரன் கட்டியணைத்து வாழ்த்தினார். டெல்ஃபின் மூட்டை கட்டி, பழைய பூட்ஸையும் காரில் போட்டுக்கொண்டு ஓடைக் கேட்டில் நிறுத்தினான்.

“ஹெர்மோ அண்ணே, வாங்க. தங்கிடாதீங்க!”

வாய்விட்டு அழுதுகொண்டே வண்டியை எடுத்தான். கண்ணாடியில் பார்த்தபோது, மாடுகள் கேட்டைத் திரும்பிப் பார்க்காமல் நேராக நடந்துகொண்டிருந்தன.

கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் மணிலாவுக்குப் போகிறவர்களின் வரிசையைக் காட்டி, “இவங்களோட போயிருங்க அண்ணே,” என்று அனுப்பிவைத்தான். அடுத்த மாதம் அதே இடத்தில் நெனிதா வந்து இறங்கினாள்.

பால்பவுடர் ஆலையில் வேலை, சொந்தமாகப் பிடித்த வாடகை வீடு, யாருடைய வண்டிக்கும் நிமிர வேண்டியதில்லை. ஆனால் சோறு ருசிக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் உட்கார்ந்திருந்தான்.

“பாகற்காய்ல உப்பே இல்லை,” என்றான் ஒரு மதியம்.

நெனிதா அவன் தட்டிலிருந்தே எடுத்து ருசி பார்த்தாள். “கடல் உப்பையெல்லாம் கொட்டி வச்சிருக்கேன். உன் நாக்குதான் செத்திருக்கு. பண்ணையை விட்டு வரும்போது பேரைச் சொல்லிக் கூப்பிட்டியா?”

“கூப்பிட்டேனே.”

“யார் பேரை?”

கரண்டியை வைத்துவிட்டான்.

அந்த ஞாயிறு நெனிதாவே அவனைக் கிளப்பி, நெடுந்தூரம் தாண்டிப் பழைய பண்ணைக்குக் கூட்டிப்போனாள். சாயங்காலக் கறவை நேரம். புது ஆள் ஒருவன் மாடுகளை ஓட்டிக்கொண்டிருந்தான். மாடுகளுக்கு டெல்ஃபினைத் தெரியும், பக்கத்திலேயே நின்றான், ஒன்றுகூட அவனைப் பார்க்கவில்லை. ஓடைக் கேட்டருகே வந்ததும் எல்லாம் நின்று, ஆளில்லாத அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தன.

“டெல்ஃபின், வா! தங்கிடாதே!” என்று நெனிதா கத்தினாள்.

மாடுகள் நகரவில்லை. அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.