போயிட்டு வந்த சாடி

பழைய ஆங்கிலப் பூச்சாடி விற்பவன் முதலில் அதைக் கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பான். செய்தவரின் முத்திரை அங்கேதான் இருக்கும். கடை வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாததா, விற்ற பொருள் திரும்பி வருவதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை. ஆங்கிலேயர் நாட்டில், குட்மேய்ஸ் என்ற இடத்தில், என் வீட்டு முன்னறைதான் கடை.

முதல் தரம்

நூறு வயதான அந்த நீலச் சாடியை ஏலத்தில் எடுத்தேன். முத்திரை தெளிவு, வெடிப்பு ஒன்றுமில்லை. ஓர் ஆங்கிலேயப் பெண்மணி வாங்கிப் போனார். பத்தாம் நாள் திரும்பக் கொண்டுவந்தார். பூ வைக்கவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லையாம். வழக்கப்படி கவிழ்த்தேன். என் சட்டை நனைந்தது.

"தினமும் காலையில் நான்தான் வெளியே ஊற்றுகிறேன். யார் நிரப்புவது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்."

சுமதி கண்டுபிடித்தது

அடுத்து வாங்கிய பல் டாக்டர் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சாடியை வாசற்படியில் வைத்துவிட்டு, மணிகூட அடிக்காமல் போய்விட்டார். அது இருக்கிற வீட்டில் தான் இருக்க ஏலாது என்று என் மனைவி சுமதி, கிங்ஸ்பரியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகப் பெட்டி அடுக்கத் தொடங்கினாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சாடியை நினைத்தல்ல, இவள் போய்விடுவாளே என்று. நான் என்ன பிழை விட்டேன் என்று கேட்டேன்.

"வெள்ளைக்காரர் வந்தாலும் வாசலில நிண்டு 'போயிட்டு வாங்கோ' எண்டுறியள். அவைக்கு விளங்காது. சாடிக்கு விளங்குது!"

மரியாதை

மூன்றாவதாக வாங்க வந்தவர், நகரத்தின் இன்னொரு பகுதியான எட்மண்டனில் இருக்கும் தேவராசா அண்ணை. பிரான்சிலிருந்து வந்து பலசரக்குக் கடை நடத்துபவர், சாடிப் பைத்தியம். தண்ணீர்க் கதையைச் சொன்னேன், சிரித்தார். புறப்படும்போது "போயிட்டு வாறன் தம்பி" என்றார்.

அவர் கையிலிருந்த சாடியைப் பார்த்து "போ" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பெரிய மனிசரின் முகத்துக்கு நேரே அது எப்படி வரும்? "போங்கோ" என்று மரியாதையாக வந்துவிட்டது. அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். எங்கள் ஆட்கள் வாசலில் யாருக்கும் அப்படிச் சொல்வதில்லை. சாடிக்குச் சொன்னது என்று விளக்கவும் வெட்கமாக இருந்தது.

"சரி, அப்ப போறன்."

மூன்றாம் தரம்

ஒரு மாதம் சாடி வரவில்லை. சுமதி பெட்டியைப் பிரித்து உடுப்புகளைத் திரும்ப அலுமாரியில் வைத்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணையின் மகள் சாடியோடு வந்து நின்றாள். அப்பா நித்திரையிலேயே போய்விட்டார் என்றாள். ஆனாலும் பழக்கதோஷம், சாடியை வாங்கிக் கவிழ்த்தேன். இந்த முறை தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது.

"போறதுக்கு முதல் நாள்தான் அங்கிள், அப்பா சொன்னவர். 'இதைத் தம்பியிட்டயே குடு பிள்ளை. இது போகாது. அவர் என்னைத்தான் போகச் சொன்னவர்.'"

சுமதி அன்றைக்கே தங்கை வீட்டுக்குப் புறப்பட்டாள்; ஸ்டேஷன் வரை கூடவே போய் "போயிட்டு வா" என்று மூன்று தரம் சொல்லியிருக்கிறேன், சாடிக்கு விளங்கியது அவளுக்கு விளங்காமலா போகும்?